கடலுக்கு அப்பால் ஒரு கோயில்: தரங்கம்பாடியும் நமது தீவகமும்

ஊர்காவற்றுறைத் துறையடியில் நின்று பார்ப்பவர்களுக்குக் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பின் நடுவே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. இலங்கைத் தீவின் வடிவம் அவர்களுக்கு உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையை நினைவூட்டியதாம். அத்தொடையின் குதிகால் இருக்கும் இடத்தில் கோட்டை அமைந்திருந்தமையால் 'ஹமன்ஹீல்' என்று பெயர் வைத்தார்கள். தீவுகளுக்கும் தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், எழுவைதீவு ஹூர்ன், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுள் கடைசிப் பெயர் ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் பழைய வரைபடங்களில் மட்டுமே எஞ்சியுள்ளன.

இந்தக் கோட்டையையும் பெயர்களையும் பற்றி மீண்டும் சிந்திக்க நேர்ந்தமைக்கு ஒரு தொலைபேசி அழைப்பே காரணம். புங்குடுதீவிலிருந்து 1984இல் புலம்பெயர்ந்து ஜேர்மனியில் வாழ்ந்துவரும் என் சித்தப்பா மகன், தன் மகளுடன் ஹாலே நகருக்குச் சென்றிருந்தபோது அங்கிருந்து அழைத்தான்.

"அண்ணை, இஞ்ச ஒரு பழைய கட்டிடத்துக்குள்ள எங்கட ஏட்டுச் சுவடியள் வைச்சிருக்கிறாங்கள். முந்நூறு வருசத்துக்கு முந்தி இந்த ஊர்ப் பாதிரிமார் தமிழ் படிக்கத் தரங்கம்பாடிக்குப் போனவையாம். அவ்வளவு தூரம் போனவை, எங்கட தீவுப்பக்கம் ஏன் ஒரு கோயிலும் கட்டேல்லை?"

அவன் சென்றிருந்தது பிராங்கே என்பவர் 1698இல் அநாதைப் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய கல்விச் சாலைகளுக்கு. ஜேர்மனியில் தமிழ் ஏடுகள் பேணப்படும் முக்கியமான இடங்களுள் அதுவும் ஒன்று. அவன் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. தீவகத்தில் கத்தோலிக்கக் கோயில்கள் உண்டு. சைவக் கோயில்கள் உண்டு. நயினாதீவில் நாகபூஷணி அம்மனும் நாகவிகாரையும் உண்டு. ஜேர்மன் லூதரன் தேவாலயம் ஒன்று மட்டும் இல்லை. ஆனால் தீவகத்திலிருந்து பாய்மரத் தோணியில் காற்று வாய்த்தால் வெகு சீக்கிரம் சென்றடையக்கூடிய சோழமண்டலக் கரையில், தரங்கம்பாடி என்னும் சிற்றூரில், ஜேர்மானியர் எழுப்பிய லூதரன் தேவாலயம் 1718 முதல் நிற்கின்றது. ஞாயிறுதோறும் அங்கே தமிழில் வழிபாடு நடக்கின்றது.

முதலில் நமது பக்கத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்து மதத்தினர். ஆயினும் லூதரின் வழியினர் அல்லர். கல்வினின் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபையினர். கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப் பரப்பில் அந்தச் சபைக்கே பொதுவழிபாட்டு உரிமை இருந்தது. வேடிக்கை என்னவெனில், அதே கம்பனியின் படைவீரர்களில் பெருந்தொகையினர் ஜேர்மானியர். ஊதியத்துக்காகக் கப்பல் ஏறிய ஏழை இளைஞர்கள். அவர்களிற் பலர் லூதரன்மார். வூர்ட்டம்பேர்க் நாட்டைச் சேர்ந்த கிறிஸ்தோப் சுவைட்சர் 1670களில் இலங்கையில் படைவீரராக இருந்து, ஊர் திரும்பித் தம் அனுபவங்களை நூலாக எழுதினார். ஹமன்ஹீல் கோட்டையிற் காவல் நின்றவர்களிலும் இத்தகையோர் இருந்திருக்கவே வேண்டும். ஆகவே ஜேர்மானியர் தீவகத்துக்கு வரவில்லை என்று சொல்வது சரியன்று. வந்தவர்களுக்குத் தங்கள் முறைப்படி கோயில் எழுப்பும் உரிமை இருக்கவில்லை என்பதே சரி. ஜேர்மனியின் லேர் நகரிற் பிறந்த வான் இம்ஹொவ் 1736 முதல் 1740 வரை இலங்கையில் தேசாதிபதியாக இருந்தார். கொழும்பில் அச்சுக்கூடத்தை நிறுவியவர் அவரே. பின்னர் பத்தாவியாவில் மகா தேசாதிபதியாகி, அங்குள்ள லூதரன்மாருக்கு 1743இல் வழிபாட்டு அனுமதி வழங்கினார். அந்த அனுமதியின் காற்று நமது தீவுகளை எட்டவில்லை.

ஒல்லாந்தர் ஒன்றும் கட்டாமல் விட்டவர்கள் அல்லர். போர்த்துக்கேயக் கத்தோலிக்கரின் கோயில்களைக் கையகப்படுத்தி, அவற்றைத் தங்கள் பள்ளிக்கூடக் கோயில்களாக மாற்றினார்கள். குடாநாட்டிலும் தீவுகளிலுமாக அவை பரந்திருந்தன. அவற்றுக்குப் பொறுப்பாக வந்த பிலிப்பஸ் பல்தேயஸ் 1632இல் டெல்வ்ற் நகரிற் பிறந்தவர். 1665 வரை இலங்கையில் இருந்த இவர் எழுதிய பெருநூல் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களின் படங்களும் தமிழ் எழுத்துகளும் அந்நூலில் அச்சிடப்பட்டன. அவர் தரும் கணக்கின்படி 1660களில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஏறக்குறைய 65,000 புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்.

இந்தத் தொகையைப் பார்த்து எவரும் வியப்படைய வேண்டியதில்லை. பள்ளிக்கூட உபாத்தியாயரே பிறப்பையும் திருமணத்தையும் தோம்பிற் பதிந்தவர். அப்பதிவு இல்லாதவனுக்குத் திருமணம் செல்லுபடியாகாது. முதுசொம் சேர்வதில் இடர்ப்பாடு. அரச உத்தியோகம் கிடையாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. எனவே நமது முன்னோர் ஞானஸ்நானம் பெற்றார்கள்; பெயர் பதிந்தார்கள்; வீடு திரும்பி விபூதி பூசிக்கொண்டார்கள். கத்தோலிக்கர் மறைவாகச் செபமாலை உருட்டினார்கள். 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்த ஜோசப் வாஸ் அடிகளாரைச் சில்லாலை மக்கள் ஒளித்து வைத்துக் காத்ததும் இக்காலத்திலேதான். 65,000 பேருக்குப் போதிக்க இருந்த ஒல்லாந்தக் குருமாரோ எப்போதும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களிற் பலருக்குத் தமிழே வராது.

எதிர்க்கரைக்கு வருவோம். டென்மார்க் நாட்டவர் 1620இல் முதலில் வந்தது இலங்கைக்கே. கண்டி அரசனுடன் உடன்பாடு செய்து திருகோணமலையில் கால்பதிக்க முயன்றார்கள், அது சரிவரவில்லை. அதே ஆண்டின் இறுதியில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றுக் கோட்டை கட்டினார்கள். திருகோணமலை முயற்சி கைகூடியிருந்தால் இக்கட்டுரையை வேறு விதமாக எழுத நேர்ந்திருக்கும். டேனியர் தங்களுக்கென சீயோன் தேவாலயத்தை 1701இற் கட்டிக்கொண்டார்கள். தமிழருக்குப் போதிக்க வேண்டும் என்ற எண்ணம் வணிகரான அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியது அவர்களுடைய அரசன் நான்காம் பிரெடரிக்குக்கு. அவனுக்கும் தன் நாட்டில் ஆள் கிடைக்கவில்லை. ஜேர்மனியின் ஹாலேயிற் கற்ற இரு இளைஞர்களை அனுப்பினான். பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூச்சோ ஆகிய இருவரும் 1706 யூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்குக்கு அதற்கு அடுத்த நாள் 24 வயது நிறைந்தது.

கோட்டைத் தளபதிக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. வணிகம் கெடும், அடிமைகள் தலைதூக்குவர் என்ற அச்சம் அவனுக்கு. 1707 மே மாதத்தில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்களே. அதே ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் கடலோரத்தில் எருசலேம் என்ற சிறு கோயிலைத் திறந்தார்கள். 1708 நவம்பரில் சீகன்பால்கைத் தளபதி சிறையிலிட்டான். நான்கு மாதம் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். ஐரோப்பியப் பாதிரியை ஐரோப்பியத் தளபதியே சிறைவைத்த இந்நிகழ்வு, மதமும் ஆட்சியும் எங்கும் எப்போதும் ஒரே கையாக இயங்கின என்று எழுதுவோரைச் சற்று நிறுத்தி யோசிக்க வைக்கும். ஆயினும் அதே டேனியக் கோட்டையின் நிழலில்தான் அவர் வாழ்ந்தார் என்பதையும் மறக்கலாகாது.

அவர் தமிழ் கற்ற விதத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கிழவர் ஒருவரின் திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டுக்கே அழைத்து, சிறுவர்களோடு நிலத்திலிருந்து மணலில் எழுத்துக் கீறிப் பழகினார். அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரின் துணையோடு ஏடுகளைத் திரட்டினார். 1708இல் தம்மிடமிருந்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதி அனுப்பினார். தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றி 1713இல் பெருநூல் ஒன்றை எழுதி ஹாலேக்கு அனுப்பிவைத்தார். அங்கே பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவிற் பரப்புவதா என்பது அவருடைய வாதம். எழுதியவர் இறந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின், 1867இல் சென்னையிலேதான் அந்நூல் அச்சேறியது. மதமாற்றத்துக்காக வந்தவர் நமது சமயத்தை ஆராய்ந்தாரே, இதில் உள்நோக்கம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. உள்நோக்கம் இருந்தது; அதை அவர் மறைக்கவும் இல்லை. கற்ற பின் அவருக்கு வாய்த்த மதிப்பும் பொய்யன்று. அந்த மதிப்புத்தான் அவருடைய மேலிடத்தாரைக் கலங்க வைத்தது.

இங்கிலாந்துச் சங்கம் ஒன்று அனுப்பிய அச்சுப்பொறி 1712இல் வந்து சேர்ந்தது. ஹாலேயில் வெட்டப்பட்ட தமிழெழுத்துகள் அடுத்த ஆண்டு வந்தன. அவை அளவிற் பெரியவை, காகிதத்தை விழுங்கின. எனவே பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாயிற்று. இந்திய மொழி எதிலும் அச்சான முதற் புதிய ஏற்பாடு அதுவே. காகிதம் செய்யும் ஆலையையும் பொறையாற்றுக்கருகில் அமைத்தார்கள். அவ்விடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். யாழ்ப்பாணத்தில் நாம் இன்றும் காகிதத்தையும் கடிதத்தையும் 'கடுதாசி' என்கிறோம். அந்தப் பெயரைக் கேட்டபோது ஏதோ நம் ஊர் ஒழுங்கையில் நிற்பதுபோல எனக்குத் தோன்றியது.

அச்சைப் பற்றிப் பேசும்போது தீவகத்து மகன் ஒருவரைக் குறிப்பிடாமற் போகக்கூடாது. ஊர்காவற்றுறை கரம்பொனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகளார், 1554இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் நூலையும், 1679ஆம் ஆண்டின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியையும் ஐரோப்பிய நூலகங்களில் தேடிக் கண்டு நமக்கு அறிமுகப்படுத்தினார். தமிழ் அச்சு சீகன்பால்கோடு தொடங்கவில்லை, 16ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்கக் குருமாரோடு தொடங்கியது என்பதை நம் தலைமுறைக்கு உணர்த்தியவர் அவர். தரங்கம்பாடிக்கு உரிய பெருமை வேறு. அங்கே அச்சு இடையறாது தொடர்ந்தது.

கடலோரக் கோயில் போதாமற் போகவே புதிய எருசலேம் தேவாலயத்துக்கு 1717இல் அடிக்கல் நாட்டினார்கள்; 1718 ஒக்ரோபர் 11ஆம் நாள் திறந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கு சென்றேன். 1792ஆம் ஆண்டின் நகர வாயிலைக் கடந்து இராசவீதி வழியே நடந்தால் இடப்புறமா வலப்புறமா என்று தேட வேண்டியதில்லை. வீதி அவ்வளவு சிறியது. வெண்சுண்ணம் பூசிய சிலுவை வடிவக் கட்டடம். முகப்பில் டேனிய அரசனின் முடியும் பெயரெழுத்தும் 1718 என்ற ஆண்டும். ஆடம்பரம் எதுவும் இல்லை. ஊர்காவற்றுறைப் புனித யாகப்பர் கோயிலைக் கண்ட கண்ணுக்கு இது ஒரு பழைய பள்ளிக்கூடம் போலத்தான் தோன்றும்.

இந்த எளிய கட்டடத்துக்கும் எதிர்ப்பு எழுந்தது. கொப்பன்ஹேகனில் இருந்து மிஷன் அலுவல்களைப் பார்த்த வெண்ட் என்ற செயலாளர், அப்போஸ்தலர்கள் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கவில்லை, ஊர் ஊராக நடந்து போதித்தார்கள் என்ற போக்கிற் கடுமையாக எழுதினார். சிறைக்கு அசையாத சீகன்பால்கை அக்கடிதங்கள் உலுக்கிவிட்டன. கோயில் திறந்து ஐந்து மாதம் நிறையுமுன், 1719 பெப்ரவரி 23ஆம் நாள், 36 வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் தோழர் கிரண்ட்லரும் இறந்தார். பீடத்தின் இருபுறமும் இருவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். செயலாளர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கல்லறைகளுக்கு முன் நின்றபோது அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்கோயிலின் குறையையும் சொல்லிவிட வேண்டும். சிலுவை வடிவக் கட்டடத்துள் உயர்சாதியினரும் ஒடுக்கப்பட்டோரும் வேறுவேறாக அமர்ந்தார்கள். கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்து ஆரோன் ஆனவர், 1733 டிசம்பர் 28ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் முதல் புரட்டஸ்தாந்துக் குரு அவர். தஞ்சைப் பகுதியில் அவருக்குச் சற்றும் குறையாது உழைத்த இராசநாயக்கன் என்ற உபதேசியாருக்கோ அப்பட்டம் கிட்டவேயில்லை. பறையர் குலத்தவரான அவருடைய கையால் திருவிருந்து பெற மற்றவர்கள் மறுப்பார்கள் என்று மிஷனரிமார் தயங்கினார்கள். மணலில் அமர்ந்து அகரம் கற்றவர்களின் வழிவந்தோரும் இந்த இடத்தில் ஊரோடு ஒத்தோடிவிட்டார்கள். நமது தீவகத்துக் கோயில் வாசல்களின் வரலாற்றை அறிந்தவன் என்ற முறையில், இதில் நான் யாரையும் நோக்கி விரல் நீட்டத் துணியேன்.

தரங்கம்பாடியார் நமது கரைக்கு வராமலும் இருக்கவில்லை. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவாட்ஸ் ஐயர் 1760இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் பிற ஒல்லாந்த நகர்களிலும் போதித்துத் திரும்பினார். ஒல்லாந்தர் பக்கத்திலும் தமிழ் வல்லார் ஒருவர் தோன்றியிருந்தார். இலங்கையிற் பிறந்த பிலிப்பு த மெல்லோ, தாமே மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை 1759இற் கொழும்பில் அச்சிட்டு, பின் யாழ்ப்பாணத்திற் பணியாற்றி 1790இல் மறைந்தார். அவர் ஒருவர் போதவில்லை.

1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். மதத்துக்கும் உத்தியோகத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. 1806இல் யாழ்ப்பாணம் வந்த குளோடியஸ் புக்கானன் என்ற பாதிரியார், பல்தேயஸின் நூலிற் படமாகக் கண்ட அழகிய கோயில்களிற் பெரும்பாலானவை இடிந்து கிடப்பதைக் கண்டார். 65,000 பேரைக் கொண்டிருந்ததாகச் சொல்லப்பட்ட பட்டினத்தில் புரட்டஸ்தாந்துப் போதகர் என்று ஒரே ஒருவரே இருந்தார். அவர் ஒல்லாந்தரும் அல்லர், யாழ்ப்பாணத்தவரும் அல்லர். கிறிஸ்தியான் தாவீது என்னும் தமிழர், தரங்கம்பாடியிற் பிறந்தவர், சுவாட்ஸின் மாணாக்கர், 1801 முதல் இங்கு பணியாற்றியவர். பின்னர் 1824இற் கல்கத்தாவில் ஹீபர் ஆண்டகையிடம் ஆங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்றார்.

என் தம்பியின் கேள்விக்கு நான் கண்டடைந்த பதில் இங்கேதான் இருக்கிறது. தீவகத்தில் தோம்பேடு இருந்தது, ஆணை இருந்தது, கோயில்கள் இருந்தன. தரங்கம்பாடியில் முதலில் ஐந்து அடிமைகளும் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடமும் மட்டுமே இருந்தன. ஒன்றரை நூற்றாண்டின் பின் நமது பக்கத்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ள அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாருக்கும் முதலிற் கைகொடுத்தது தரங்கம்பாடி வழிவந்த வேதாகமமே. பப்ரிசியஸ் ஐயர் ஆயுள் முழுதும் செதுக்கிய மொழிபெயர்ப்பு அது. அதன் நடை போதாது என்று கருதிய பேர்சிவல் பாதிரியார், நல்லூர் ஆறுமுக நாவலரின் துணையோடு புதிய மொழிபெயர்ப்பை உருவாக்கி 1850இல் வெளியிட்டார். தமிழகத்தார் அதை ஏற்கவில்லை. லூதரன்மார் பப்ரிசியஸை விடவேயில்லை. நாவலரோ பாதிரிமாரிடம் கண்ட அச்சையும் வசனநடையையும் பிரசங்க மேடையையும் சைவத்தின் கையிற் கொடுத்தார். அந்தக் கதையைத் தனியே எழுத வேண்டும்.

எஞ்சியதை விரைந்து சொல்லிவிடலாம். டேனியர் 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். லைப்சிக் மிஷன் பணியைத் தொடர்ந்தது. முதல் உலகப் போரில் ஜேர்மன் பாதிரிமார் வெளியேற்றப்பட, சுவீடன் நாட்டவர் பொறுப்பேற்றனர். 1919 ஜனவரி 14ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லூதரன் திருச்சபை தன்னாட்சி பெற்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தரங்கம்பாடிக் குப்பத்தில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனது, கோயில் தப்பியது. இலங்கையில் லூதரன் சபை வேரூன்றியது தீவகத்தில் அல்ல, 20ஆம் நூற்றாண்டில், மலையகத் தோட்டத் தொழிலாளரிடையே. 1990க்குப் பின் தீவகத்து ஊர்கள் வெறுமையாகி, அங்குள்ள கோயில்களும் ஆளின்றிக் கிடந்த கதை நீங்கள் அறிந்ததே.

இவ்வளவையும் தொலைபேசியில் தம்பிக்குச் சொன்னேன். அவன் வாழும் ஊரில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடப்பது லூதரன் தேவாலயத்தின் மண்டபத்திலாம். இதுவரை எனக்கு அதைச் சொன்னதில்லை. ஹாலேயில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஏட்டில் புள்ளி இல்லாமையால் தன்னால் இரண்டு சொல்லுக்கு மேல் வாசிக்க முடியவில்லை என்றான். அங்கிருந்த ஜேர்மன் பெண் ஒருத்தி தட்டுத்தடுமாறாமல் வாசித்துக் காட்டினாளாம்.

"இதை அப்பிடியே எழுதுங்கோ அண்ணை, பிள்ளையளுக்குக் காட்ட வேணும்" என்றான்.

"அவை வாசிப்பினமோ?"

"நான் வாசிச்சு டொச்சில சொல்லுறன்."